பித்தளைப் பல்

கையிலிருந்து இன்னும் பெயிண்ட் வாடை போகவில்லை. சோப்பு போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தும் பார்த்தேன். சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டு போனால் பச்சை பெயிண்ட் நாறுகிறது. பாதியிலேயே எழுந்துவிட்டேன். உன்னிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும். உயிரோடு இருப்பவர்களிடம் சொன்னால், "இன்னமுமா அந்த லேத்தைக் கட்டி அழுகுறீக?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.

நம் இரண்டு லேத்தும் ஒரே மில் மூடியபோது ஒரே லாரியில் வந்தவை. ஒன்று கம்பத்தில் உன் பட்டறையில் இறங்கியது, இன்னொன்று சின்னமனூரில் என் பட்டறையில். அவற்றைச் செய்த கம்பெனி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் என் மெஷினுக்கு உன் மெஷின்தான் ஸ்பேர், உன்னுடையதற்கு என்னுடையது. போல்ட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் மரை வெட்டுகிற கியர் எனக்குப் பழுதானால் பஸ் ஏறி வந்து நிற்பேன். நீ கை வேலையை நிறுத்திவிட்டுக் கழற்றித் தருவாய். கொடுத்தவன் பட்டறையில் அன்று மரை வேலை கிடையாது. வாங்கியவன் அதை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி, விளக்கு வைப்பதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். "கியரை ராத்தங்க விட்டா உறவு கெட்டுப்போகும் மாப்ளே" என்பாய்.

குமுளிப் பக்கத்து எஸ்டேட் ஜீப் ஒன்றுக்கு மரை வெட்டும்போது உன் கியரில் ஒரு பல் உடைந்தது. பித்தளையை உருக்கி வைத்து, அரத்தால் ராவி, நீயே ஒரு பல் கட்டினாய். அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம். கிழவிக்குத் தங்கப்பல் கட்டிவிட்டாய் என்று கேலி செய்தேன். "சத்தம் கேக்குற வரைக்கும் பல்லு இருக்குன்னு அர்த்தம்லே" என்றாய்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயிலிலிருந்து நேரே உன் பட்டறைக்குப் போனேன். லேத் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. "சும்மா அடைசலா கெடந்துச்சு மாமா. எடைக்குப் போட்டுட்டேன்" என்றான் உன் மகன். நீ படுக்கையில் விழுந்த நாள் வரைக்கும் ஓடிய மெஷின்! வாய் வரைக்கும் வந்ததை உன் வீட்டுக்காரி முகத்துக்காக விழுங்கினேன். அந்த வீட்டில் கை நனைக்க மனம் வரவில்லை.

இப்போது என் கியரும் வரிசையாக நாலைந்து பல் இழந்துவிட்டது, பித்தளை கட்டித் தேற்ற முடியாது. மரை வெட்டாத பட்டறைக்குப் பூட்டுத்தான் மிச்சம். மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருவன்கூடக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை, "போட்டோ அனுப்புங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டுகிறான். வேறொருவன் நைலானில் செய்து கொடுத்தான். அது முதல் வேலையிலேயே இளகி, பட்டறை முழுக்கத் தீய்ந்த நாற்றம். இதற்குமேல் கிடைக்காவிட்டால் என் லேத்தும் எடைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே இன்று காலையில் தேனிக்குப் போனேன்.

பழைய இரும்புக் கடைக்காரன் பளபளவென்று பச்சையாக ஒரு கியரை எடுத்து வைத்தான்.

"புதுசுண்ணே. கம்பெனி பீஸு."

கட்டை விரலில் பச்சை ஒட்டியது. பெயிண்ட் காயக்கூட இல்லை. "ஏலே, பல்லுக்கு எவனாச்சும் பெயிண்ட் அடிப்பானா?"

"துருப் புடிக்காம இருக்கத்தாண்ணே."

மண்ணெண்ணெயும் துணியும் வாங்கித் துடைத்தேன். இரண்டு பல் கறுப்பாக வந்தது. அடுத்த பல் மஞ்சள்.

அந்த மஞ்சள் பல்லை விரலால் தடவிக்கொண்டே கேட்டேன். "இது எங்கன கெடச்சுச்சு?"

"கம்பத்துல ஒரு பட்டறைக்காரக தவறிட்டாகளாம். அவுக மெஷினு வந்துச்சு, கேஸ் கட்டர் வச்சு அறுத்தோம். இது ஒண்ணுதாண்ணே முழுசாத் தேறுச்சு."

கம்பெனி பீஸ் என்று சொன்ன வாய் ஈரம் காயவில்லை. கொஞ்சமும் கூசாமல் சொல்கிறான். ஓடுகிற மெஷினை அறுப்பானாம், செத்தவன் கட்டிய பல்லுக்குப் பெயிண்ட் அடித்துப் புதுசு என்று விற்பானாம். அதைத் தூக்கி அவன் மண்டையிலேயே போட்டிருப்பேன். ஆனால் அதை விட்டால் எனக்கு வேறு கியர் இல்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். உன் கியருக்கு அவனிடம் பேரம் பேச எனக்கு அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் மாட்டினேன். குச்சனூர்க்காரர் ஒருவரின் பம்ப் ஷாஃப்ட், நாள்கணக்காகக் காத்துக் கிடந்தது. டக், டக் என்று ஓடியது. "என்னமோ தட்டுதே அண்ணே?" என்று பயந்தார் அவர். தட்டட்டும் என்றேன். மரை சுத்தமாக விழுந்தது.

பொழுது சாயும்போது என் கை பாட்டுக்கு அதைக் கழற்றியது. மிச்சப் பச்சையும் போகக் கழுவி, எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றிப் பையில் போட்டேன். பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். "கம்பம், கம்பம்" என்று கண்டக்டர் கூப்பிட்டார். படியில் ஒரு காலை வைத்த பிறகுதான் உறைத்தது. "ஏறுறீகளா இல்லையா?" என்று அவர் சத்தம் போட்டார். இறங்கிக்கொண்டேன்.

நாளைக் காலையில் அதை மறுபடி மாட்டத்தான் போகிறேன், மரை வேலை இன்னும் கிடக்கிறது. இப்போது சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், சுற்றிய பேப்பரோடு இருக்கிறது. வீட்டில் விளக்கு வைத்து நேரமாகிவிட்டது மாப்ளே. உன் கியர் முதன்முதலாக என் வீட்டில் ராத்தங்குகிறது.