என் பக்கத்தை நான்தான் எழுதுவேன்

செவ்வாய் கிரகம், நாள் 412, 09:10
காற்று எந்திரம் சரி. மூன்றாம் கூடாரத்தில் நான் ஒருத்திதான், பேச்சியம்மாள். இரண்டாம் கூடாரத்தில் பத்தொன்பது பேர். அவர்களுக்கு இங்கிருந்துதான் காற்று போகிறது. பிராணவாயு 21 சதவீதம். இதைக் கண்டெடுப்பவர் யாரானாலும் வணக்கம். படிப்பு அஞ்சாம் வகுப்பு. பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நாள் 412, 11:30
முதல் கூடாரத்திலிருந்து மையப் பொறியாளர் சேவியர் தம்பியின் உத்தரவு. இதுவரை காற்று, தண்ணீர், சூடு என்று ஒவ்வொரு எந்திரமும் தன் அளவுகளைக் காட்டும் ஹெச்.டி.எம்.எல். வலைப்பக்கத்தைத் தானே செய்து திரைகளுக்கு அனுப்பியது. இனி நாங்கள் எண்ணை மட்டும் அனுப்ப வேண்டுமாம்; பக்கத்தை மையம் செய்யுமாம். எல்லாம் ஒரே எழுத்து, ஒரே நிறம். என் பக்கம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டுமே, பத்திரிகை பளிச்சென்று இருந்தால்தானே ஆள் வரும்.

எண் வராவிட்டால் என்ன காட்டுவாய் என்று கேட்டேன். கடைசியாக வந்த எண்ணே நிற்குமாம்; திரையின் அழகு கெடக்கூடாதாம். என் எந்திரம் தெரியாததைத் தெரியாது என்று விடும், கட்டம் வெறுமையாக நிற்கும். வெறும் கட்டத்தைக் கண்டால் இங்கே எல்லோரும் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். வந்த நாள் முதல் அதுதான் பழக்கம்.

எண்ணை அனுப்பத் தொடங்கினேன். பழைய பக்கத்தை அழிக்கச் சொன்னதை மட்டும் மறந்துவிட்டேன். வயசாகிறதல்லவா.

நாள் 415, 14:05
புழுதிப்புயல். இங்கிருந்து மையத்துக்குப் போகும் கம்பி காலையிலேயே அறுந்திருக்கிறது. இரண்டாம் கூடாரத்துக்கு நேராகப் போகும் கம்பி பிழைத்தது. அதில் பிராணவாயு 18. எங்கோ விரிசல். அங்கே திரையில் மையத்தின் பக்கம், பச்சையாக 21.

வானொலியில் சேவியர்: "அக்கா, இங்க பச்சைதான் காட்டுது. உங்க மீட்டர்தான் கோளாறு."

நான்: "காலையில வடிச்ச சோத்தைச் சுடச்சுடன்னு பரிமாறுறியே தம்பி. எண்ணு பொறக்குற இடத்துலதான் பக்கமும் பொறக்கணும். என் பக்கத்தை அனுப்புறேன்."

"உத்தரவு இல்லாம வேணாம்க்கா."

அனுப்பிவிட்டேன்.

14:20
கல்யாணப் பத்திரிகை வேலை செய்கிறது. எந்த அறையில் எவ்வளவு காற்று என்று என் பக்கம் சொல்லச் சொல்ல, அறை மாறிக் கதவடைக்கிறார்கள். நான்கு கதவு மூடியாயிற்று.

16:40
மின்கலம் தீர்கிறது. காற்றைத் தள்ளுவது கட்டாயம். மிச்சம் ஹீட்டருக்கா, பக்கத்துக்கா, ஒன்றுக்குத்தான்.

சேவியர்: "பக்கத்தை நிறுத்திட்டு ஹீட்டரைப் போடுங்கக்கா. நான் இங்க செஞ்சுக்குறேன்."

எதை வைத்துச் செய்வாய் என்றேன். ஹீட்டரை அணைத்தேன்.

18:15
விரல் மடங்கவில்லை. பத்தொன்பது பேரும் கடைசி அறையில். 20. நிற்கிறது

பக்கத்தில் ஒரு கட்டம் கூட்டினேன். கைப்பட்டை அளக்கும் என் உடம்புச் சூடு. பேச்சி: 34. பூப்போட்ட கரையோடு

தம்பி, இது வெறுமையானால் பழைய எண்ணைப் போட்டு அழகு பார்க்காதே. ஓடி வா

18:52 (எந்திரம் தானாகப் பதிந்தது)
இரண்டாம் கூடாரம்: 20
பேச்சி: [      ]