பாபின் கேஸில் ஓர் அரைச் சுற்று

கல்லல்,
14.9.2025

அன்புள்ள அகல்யாவுக்கு,

பாண்டிமுருகன் எழுதுவது. தினமும் போனில் பேசுகிற புருஷன் எதற்குக் கடுதாசி போடுகிறான் என்று பயந்துவிடாதே. இங்கே எல்லாரும் சுகம். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. இந்தக் கவருக்குள்ளே ஒரு துணித்துண்டு வைத்திருக்கிறேன், அதைப் போனில் அனுப்ப முடியாது. சொல்ல வந்ததைப் போனில் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

வெள்ளிக்கிழமை, உன்னிடம் தையல் பழகிய நாச்சியாபுரம் தீபலட்சுமி வந்தாள். இனி எனக்குத் தையல் மிஷின் எதுக்கு, அவளுக்கே குடுத்துருங்க என்று நீ சொன்னாய் அல்லவா, அதனால் மூடியைத் திறந்து காட்டினேன். அவள் கீழ்நூல் இருக்கிற பாபின் கேஸை வெளியே எடுத்து, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு, கையை லேசாக உதறினாள். ஓர் அங்குலம் இறங்கி நிற்க வேண்டுமாம். அது கிணற்று வாளி மாதிரி விறுவிறுவென்று தரைக்கே போய்விட்டது.

“அண்ணே, கேஸ்ல இருக்க சின்னத் திருகாணிய யாரோ தொட்டுருக்காக. அக்கா தொடமாட்டாகளே” என்றாள். நான் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போவதுபோலக் கொல்லைக்கு நழுவிவிட்டேன்.

தொட்டது நான்தான் அகல்யா. மே மாதக் கடைசியில் நீ அரியக்குடி கோயிலுக்குப் போன அன்று, வண்டியின் கிழிந்த சீட் கவரை நானே தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தடிமனான நூல் ஓடவில்லை, கீழே அந்தத் திருகாணியையும் மேல்நூலை இறுக்குகிற டென்ஷன் டயலையும் தளர்த்தினேன். முடித்ததும் மேலே இருக்கிற டயலை மட்டும் நீ வைத்திருந்த நாலுக்குத் திருப்பினேன். கீழே தளர்த்தியதை மறந்தே போனேன். கீழே இருந்தது உன் அப்பா வைத்துத் தந்த அளவு. பதினான்கு வருஷமாக நீயே தொடாதது.

மறுநாள்தான் நீ பள்ளிக்கூடச் சீருடைகளை எடுத்தாய். தையல் சரியாக விழவில்லை என்று மேல்நூலையும் தளர்த்தி ஒருவழியாக ஒப்பேற்றினாய். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நூலும் தளர்ந்திருந்ததால் பிள்ளைகள் குனிந்ததும் தையல் பிரிந்துவிட்டது. பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். கண்ணு மங்கிருச்சு போல என்று நீ அழுதாய்.

எனக்கு அப்போதே உறைத்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டேனா, உன்னைக் காரைக்குடிக்குக் கண் டாக்டரிடம் வேறு கூட்டிப்போனேன். பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் அவர் சொன்னார். எதுக்கும் ஒரு கண்ணாடி போட்டுக்கிடட்டும் என்று நான்தான் சொன்னேன். கண்ணாடி ஃபிரேமைக்கூட நானே தேர்ந்தெடுத்தேன். என்னைப்போல வெட்கங்கெட்டவன் உண்டா?

இப்போது நீ தையலையே விட்டுவிட்டு, திருப்பூரில் உன் தங்கச்சி காளீஸ்வரி வீட்டில் தங்கி, பனியன் கம்பெனியில் துணிக்கு நூல்பிசிறு வெட்டுகிறாய். மிஷினில் உட்காரச் சொன்னார்கள், எனக்கு வராதுன்னுட்டேன் என்று போன வாரம் சொன்னாய்.

கொல்லையிலிருந்து திரும்பிவந்து தீபலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினைத் தரமுடியாது என்றும் சொன்னேன். அவள் பாபின் கேஸை மறுபடி கையில் எடுத்தாள். திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கித் தொங்கவிட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தாள். அரைச் சுற்றுதான், அகல்யா. அவ்வளவுதான் குறை. பிறகு மேலே டயலையும் நாலுக்கு வைத்துத் தைத்த துண்டுதான் உள்ளே இருப்பது. மேல்நூல் கறுப்பு, கீழ்நூல் வெள்ளை. ஒரு பக்கத்து நிறம் மறுபக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று பார். நன்றாக இழுத்தும் பார்.

நேற்றிலிருந்து அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் போய், தப்பு என்னுடையது என்று சொல்லிவருகிறேன். ஐந்து வீடு முடிந்தது. “இம்புட்டு நாளா ஏண்ணே சொல்லல?” என்று முத்தழகு கேட்டாள். பயம்தான் என்றேன். நீ கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. கோபம் ஆறாவிட்டால் அங்கேயே இரு, மிஷினைப் பார்சலில் அனுப்பிவைக்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் நீ தைக்க வேண்டும். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, உன் கைமேல் சந்தேகப்படாதே. அந்தக் கையில் ஒரு பிழையும் இல்லை.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்கக் கூசுகிற
பாண்டிமுருகன்