இரும்புக் கடை மாடியில் உங்கள் குரல்

மாமா,

இன்று டியூஷன் முடிந்து ஜாலான் புசார் சாலை வழியாக நடந்து வந்தேன். ஒரு கடையில் இரும்புக் குழாய் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சூடான இரும்பின் வாசம் மூக்கில் ஏறியதும் கால்கள் தாமாக நின்றன. நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தேன். அது நாம் போன கடை இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

எழுபதுகளில் நீங்கள் பங்க் ராக் பாடியதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைய சிங்கப்பூர் அரசு விதிப்படி, நீளமுடிக்காக எந்த அலுவலகக் கவுண்டருக்குப் போனாலும் உங்களைக் கடைசியில்தான் கவனிப்பார்களாம். நான் அறிந்த மாமா, ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்பவர். தொண்டையில் கட்டி என்றும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் திரும்புமா தெரியாது என்றும் டாக்டர் சொன்னார். அதற்குள் தமிழில் ஒரு கேசட் பாடிவிட வேண்டும் என்று கிளம்பினீர்கள்.

"நாற்பது வயசுல என்னடா கத்தல்?" என்று அம்மா கேட்டார்.

"கத்த இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, அக்கா."

நீங்கள் பீர் குடிக்காமல் பார்த்துக்கொள்ள அம்மா என்னை உங்களுடன் அனுப்பினார்.

கீழே இரும்புக் கடை மூடியிருக்கும் ஞாயிறுகளில்தான் மாடி ஸ்டூடியோவில் பதிவு. சத்தத்தை அடக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. பக்திப் பாடல்களையே பதிவு செய்து பழகிய செல்வம் அங்கிள், உங்கள் குரலுக்கும் எதிரொலி சேர்த்துவிடுவார். "நான் என்ன மலை உச்சியிலயா நிக்கிறேன்? எடுங்க லா!" என்பீர்கள். அவர் கொஞ்சம்தான் எடுப்பார். டிரம்ஸ்காரரோ, "உன் வேகத்துக்கு ஆம்புலன்ஸ்தான் ஓட்டணும்" என்று கோபித்துக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை.

கடைசி ஞாயிறு. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய அவசர வேலைக்காகக் கடையைத் திறந்திருந்தார்கள். ரம்பம் அலறியது. செல்வம் அங்கிள் பதிவு மெஷினை நிறுத்தினார்.

"இன்னிக்கு ஆகாது தம்பி. அடுத்த வாரம் பார்ப்போம்."

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில இருப்பேன், அங்கிள். ஓடட்டும் லா."

டிரம்ஸ் இல்லாமலே பாடினீர்கள். ரம்பம் ஏறினால் நீங்களும் ஏறினீர்கள். அது ஓய்ந்த இடத்தில் மூச்சு வாங்கினீர்கள். நான் புவியியல் புத்தகத்தை மூடிவிட்டேன். செல்வம் அங்கிள் எதிரொலியைத் தொடவே இல்லை.

கேசட் வந்ததும் ஆஸ்பத்திரியில் என் கருத்தைக் கேட்டீர்கள், புருவத்தால். "காதல் பாட்டெல்லாம் மாதா கோயில் மைக் மாதிரி இருக்கு, மாமா. ரம்பப் பாட்டு மட்டும் வேற மாதிரி" என்றேன். சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தீர்கள். அதன் பிறகு கடைசிவரை நீங்கள் பேசியதெல்லாம் வெறும் காற்றாகத்தான் வந்தது.

உங்கள் பழைய பேச்சு எனக்கு மறந்துகொண்டே வருகிறது, மாமா. பாடும் குரல் கேசட் முழுக்க இருக்கிறது. பேசும் குரல் ஒரே இடத்தில்தான். ரம்பப் பாட்டுக்கு முன்னால் செல்வம் அங்கிள் வெட்ட மறந்த துண்டு அது.

"பாப்பா, பசிக்குதா?"

"இல்ல மாமா. நீங்க பாடுங்க."

அன்று எனக்கு நல்ல பசி. சொன்னால் பாட்டை நிறுத்திவிட்டுச் சாப்பிட அழைத்துப்போவீர்கள் என்று தெரியும். இப்போது கேசட்டைப் பின்னால் ஓட்டி ஓட்டி அந்த இடத்தையே கேட்கிறேன். நீங்கள் கேட்டதும், "பசிக்குது மாமா" என்று சொல்ல வாயெடுக்கிறேன். அதற்குள் அந்தச் சின்னப் பெண் முந்திக்கொள்கிறாள்.