காலையில் உதறிய வண்டி

டிரைவரம்மாவுக்கு,

நீ சொன்னதுதான் சரி. மெக்கானிக் ஆறு மணிக்கே வந்துவிட்டார், உன்னை எழுப்பவில்லை. இரவெல்லாம் ஆறிக் கிடந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நீ சொன்ன மாதிரியே உதறியது. என்ஜினுக்குக் காற்று போகிற ரப்பர் குழாயில் விரிசலாம். குளிர்ந்தால் விரிசல் திறந்துகொள்ளுமாம், சூடானால் மூடிக்கொள்ளுமாம். நீ நம் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வந்த பிறகு, சூடான வண்டியை எடுக்கிற எனக்கு எங்கே தெரியப்போகிறது? குழாயை மாற்றியாயிற்று, வண்டி இப்போது ஆடவே இல்லை. விற்கிற பேச்சை விட்டுவிடுவோம்.

சாவி ஃப்ரிட்ஜ் மேல். பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். நான் பஸ்ஸில் போகிறேன்.

இன்னொன்று. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது நியாயம்தான். மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி, "காலையில முதல்ல வண்டிய எடுக்கறது யாரு?" ஒரு மாதமாக நான் கேட்டதெல்லாம், "நீ என்னத்தப் பண்ணி வச்சே?"