ஒரு கழித்தல் குறி அதிகம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

குழந்தைகளுக்கு ஷூ தைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இடது காலின் அடித்தட்டைக் கணினியில் வரைய வேண்டும். அப்புறம் நான்கு எண் கொடுத்தால் அதுவே வலதை உருவாக்கி வெட்டிவிடும். நான் கொடுத்த மேட்ரிக்ஸ்: மேல் வரி -1, 0. கீழ் வரி 0, -1. திரையில் விரல் பக்கம் கீழே போய் நின்றது. திரும்பிவிட்டதே, வலதுதான் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். அறுபது ஜோடி. அத்தனையும் இடது.

மேஸ்திரி திட்டவில்லை. ஒரு ஜோடியைக் கையில் எடுத்து, "ஏம்மா, ரெண்டு காலும் இடதா இருக்கிற புள்ளைய நான் எங்க போய்த் தேடுறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கழிவறைக்குப் போய் அழுதேன். அடுத்த வெட்டு பதினைந்தாம் தேதி. அதுவும் தப்பினால் வேலை போய்விடும்.

கீழே இருக்கும் கழித்தல் குறிதான் அதிகம் என்று தோன்றுகிறது. ஆனால் பாப்பா பிறந்ததிலிருந்து, பூட்டிய கதவையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறவளாகிவிட்டேன். என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. நீ ஒரு வரி எழுது.

படிப்பைப் பாதியில் விட்ட
உன் தங்கை

மார்ச் 9

அடி வாலு,

கீழ் வரி 0, 1. நீ நினைத்தது சரிதான். இரண்டு குறியையும் மாற்றினால் உருவம் அரைச்சுற்று சுற்றி நிற்கும், அவ்வளவுதான். எவ்வளவு சுற்றினாலும் இடது இடதுதான். கண்ணாடியில் தெரிகிற மாதிரி வர ஒரு குறியை மட்டும் மாற்ற வேண்டும். டிடர்மினன்ட் போட்டுப் பார், நான்கு எண்ணையும் குறுக்கே பெருக்கிக் கழிப்போமே, அது. கழித்தல் ஒன்று வந்தால் தைரியமாக வெட்டு.

கோபம் இருந்தது. நீ படிப்பை விட்டதற்காக இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டாயே, அதற்காக. இப்போது கேட்டுவிட்டாய்.

பாப்பாவை நான் பார்த்ததே இல்லை. இடது பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. வலதை நானே கணக்குப் போட்டு வரைந்துகொள்கிறேன்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

வெட்டியாகிவிட்டது. மேஸ்திரி இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "ம். இது ஜோடி" என்றார். வேலை நிலைத்துவிட்டது.

பாப்பாவின் இடது பாதம் இத்துடன் வருகிறது. கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள், பெருவிரலில் கோடு எங்கோ ஓடியிருக்கும், மன்னித்துக்கொள். வலதையும் வரைந்து, இடதின் மேல் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொருந்தவே இல்லை. வலது ஒரு நூல் பெரியது, சுண்டுவிரல் கொஞ்சம் உள்ளே மடங்கியிருக்கிறது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். "யாருக்கும்மா ரெண்டு காலும் ஒரே அளவு? உங்க காலப் பாருங்க" என்றார்.

ஆகவே உன் கணக்கு இவளிடம் செல்லாது. வலது பாதத்தை அனுப்பப் போவதில்லை. வந்து பிடித்துப் பார்த்துக்கொள்.

வாலு