விடை கொடுக்காத பாட்டு

சுமெடாங்,
12 மார்ச் 1989.

அன்புத் தங்கை நினிங்குக்கு அக்கா கோக்கோம் சலாம் சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஜகார்த்தாவில் சுகந்தானே?

உன் கேசட் இங்கே சக்கைப்போடு போடுகிறது. கதை பாடும் முன் அப்பா முன்னோரை வரச் சொல்லிப் பாடுவாரே, அதையே கீபோர்டும் டிரம்முமாக ஆக்கிவிட்டாய், கெட்டிக்காரி. கேட்டதும் அழுதுவிட்டேன்.

ஆனால் கழுதை, அப்பா முழுக் கதையும் பாடி, வந்தவர்களுக்கு விடை கொடுக்கும் பாட்டையும் பாடாமல் என்றைக்காவது கச்சாப்பி யாழைக் கீழே வைத்ததுண்டா? நீ அழைத்ததோடு சரி. கதையுமில்லை, விடையுமில்லை. நாலு நிமிஷம் போதும் என்று கேசட்காரர் சத்தத்தை மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டார்.

வேன் ஓட்டும் உதின் சொன்னான்: "அக்கா, உங்க தங்கச்சி பாட்டப் போட்டா வண்டி கனக்குது. திரும்பிப் பாத்தா நாலே பேருதான்." நான் சிரித்தேன். மறுநாள் மத்தியானம் முன்னறையில் பாய் விரித்திருந்தது. நான் விரிக்கவில்லை. தொட்டால் ஆள் உட்கார்ந்த சூடு. அப்பா முன்னோருக்குப் படைப்பதுபோல் சர்க்கரையில்லாக் காப்பி வைத்தேன், பாதி குறைந்தது.

விடைப் பாட்டை நானே பாடிப் பார்த்தேன். பாயின் சூடு ஆறவில்லை. அழைத்த வாய்தான் அனுப்ப வேண்டும் என்பார் அப்பா, நினைவிருக்கிறதா? அதனால் தினமும் மத்தியானம் அவர்களுக்குக் கதை சொல்கிறேன். அப்பா பாடிய ராஜா கதைகள் தீர்ந்தன. ஊர் வம்பும் தீர்ந்தது. நான் நிறுத்தினால் சுவரில் மாட்டிய கச்சாப்பியில் ஒரு தந்தி அறுகிறது. பதினெட்டில் மூன்றுதான் மிச்சம். பயமாக இருக்கிறது, நினிங்.

நேற்று வேறு வழியில்லாமல் உன் கதையைச் சொன்னேன். அப்பா மடியில் நீ பாடப் பழகியது, உன் கல்யாணம், நீ இருக்கும் தெரு, குழந்தையின் பெயர் வரைக்கும். ஒரு தந்தியும் அறுபடவில்லை.

இன்று பாய் குளிர்ந்து கிடக்கிறது. காப்பி வைத்தது வைத்தபடி இருக்கிறது.

என்னைத் திட்டிக்கொள். இந்தக் கடிதம் அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தால் போதும். வாசலறையில் பாய் விரித்து, காப்பி வைத்து, உடனே விடைப் பாட்டைப் பாடு. மறந்திருப்பாய் என்று பின்பக்கத்தில் முழுதும் எழுதியிருக்கிறேன். பாடி முடிக்கும்வரை குழந்தையை மடியிலிருந்து இறக்காதே. ஆண்டவன் மூவரையும் காக்கட்டும்.

உன் அக்கா,
கோக்கோம்