பத்தாம் திகதி வரைக்கும் சிங்கப்பூர்

சிங்கப்பூர்,
8.6.2006.

என் கமலேசுக்கு,

கால் இரண்டும் வீங்கியதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை பிடிக்காமல் இருக்கிறீர்களா?

விடுதியில் எங்களுக்குப் பதினோராம் மாடி. லிஃப்டில் ஏறினால் வயிறு மட்டும் கீழே நின்றுவிடுகிறது. உன் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடாதை, பட்டிக்காடு எண்டு நினைப்பாங்கள்" என்றார். அவருடைய கண்ணும் மூடித்தான் இருந்தது.

நேற்று வாயால் தண்ணீர் கக்குகிற சிங்கச் சிலை பார்த்தோம். கீழே மீன் உடம்பு. கம்பியில் தொங்குகிற பெட்டியில் கடலுக்கு மேலால் போனோம். நான் பிள்ளையாரைச் சத்தம்போட்டுக் கூப்பிட, முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவி எனக்கு ஒரு ரொபி மிட்டாய் தந்தா. கலியாணமாகி இரண்டு வருஷத்தில் உன் அத்தான் என்னோடு இவ்வளவு கதைத்ததில்லை. கனடாவில் இருக்கிற அவருடைய தமையன் பரமலிங்கம் ரிக்கற் எடுத்துத் தந்தபோது நான் நம்பவே இல்லை. எங்களையும் மனிசராக மதிக்கிறார்களே என்று இருக்கிறது.

ஒரு பகிடி கேள். இந்த வேர்வைக்குள் கடையில் இரண்டு தடித்த குளிர்க்கோட்டு வாங்கினார், தனக்கொன்று, எனக்கொன்று. "மலிவாப் போகுது, நீ சும்மா இரு" என்றார். ஆம்பிளைகளுக்குக் கடையைக் கண்டால் விசர்.

இயக்கம் தந்த பயணப் பாஸ் முடிகிற ஜூலை பத்தாம் திகதிக்கு ஒருநாள் முந்தியே வீட்டில் நிற்பேன்.

அன்பு அக்கா,
சுகந்தினி.


பாரதிபுரம்,
கிளிநொச்சி.
17.6.2006.

அக்கா,

உன் கடிதம் உடைத்து ஒட்டப்பட்டுத்தான் வந்தது. அதனால் பார்த்து எழுது. ரெலிபோனில் கோல் எடுக்காதே. கடையில் நான் கதைப்பதை நாலு பேர் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நேற்றும் முந்தநாளும் கிபிர் விமானம் வந்து குண்டு அடித்தது. அப்பா மில்லுக்குப் போகாமல் வீட்டுக் கோடிக்குள் பதுங்க ஒரு பங்கர் வெட்டுகிறார். நான் தையல்கடைக்குப் போய்வருகிறேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் பிணை நிற்கிறவள் என்று திங்கட்கிழமை பாஸ் கந்தோரில் முதல் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் வரும்வரை கிழமைக்கு ஒருக்கால் போடவேண்டுமாம். அங்கே வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் ஒரு மனுசி இருந்தா. மகன் கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போனவனாம், ஒன்றரை மாதமாகியும் வரவில்லையாம். பிணை நின்றது மனுசியின் மற்ற மகள். அவளை இயக்கத்துக்குள் எடுத்துவிட்டார்கள். ஆயுதப் பயிற்சிக்கா, பங்கர் வெட்டவா என்று ஒருவரும் சொல்லவில்லை. மனுசி ஒரு பையில் அவளுடைய உடுப்பை வைத்துக்கொண்டு காலையில் இருந்து இருக்கிறா.

உன் மாமியாருக்கு அன்றைக்குப் பிணை நிற்கக் கேட்டவுடன் முழங்கால் வலி வந்தது, நினைவிருக்கிறதா? மலையகத் தோட்டத்தில் இருந்து வந்த வடக்கத்தியார் வீட்டுப் பெட்டை என்று உன் கலியாணத்துக்கே வராத மனுசி. கையெழுத்து என்றதும், "கமலேசும் எங்கட பிள்ளைதானே" என்றா. எனக்கு வயது பத்தொன்பது. அந்த ஒரு வசனத்துக்குத்தான் மயங்கிப்போய்ப் பேனையை வாங்கினேன்.

ஒன்று கேட்கிறேன், பகிடியாக எடுக்காதே. கிளிநொச்சியில் எந்த மாதம் குளிர்கிறது?

மாமி மூன்று மாட்டையும் விற்றுவிட்டா. ஏன் என்று கேட்டதற்கு, "புல்லுக்கு ஆர் போறது" என்கிறா.

உடனே பதில் போடு.

கமலேஸ்வரி.


சிங்கப்பூர்,
27.6.2006.

கமலேசு,

இதைத் தபாலில் போடவில்லை. வவுனியாவில் துணிக்கடை வைத்திருக்கிற ஜமால்தீன் நானா சாமான் எடுக்க வந்து, இதே விடுதியில் தங்கியிருக்கிறார். அவருடைய லொறி உங்கள் பக்கம் வரும். வாசித்தவுடன் அடுப்பில் போடு.

உன் கடிதத்தைக் காட்டித்தான் உன் அத்தானிடம் கேட்டேன். "கோட்டு எதுக்கு?"

"கனடாவுக்கு" என்றார். கடையில் பருப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

எல்லாம் ஊரில் வைத்தே முடிவானதாம். மாமிக்கும் தெரியுமாம். எனக்குச் சொன்னால் உனக்குச் சொல்லிவிடுவேன் என்று மறைத்தார்களாம். ஏஜென்சிக்காரன் வேறு பாஸ்போட்டோடு வருகிறான். அதுவரை நாங்கள் ஊர்சுற்ற வந்த புருசன் பெண்சாதியாகவே திரியவேண்டும். தினமும் ஒரு இடம். பூங்கா, மீன்காட்சி, கோயில். எல்லா இடத்திலும் சிரித்துப் படம் எடுக்கிறோம். வழியில் மறித்தால் காட்டுவதற்கு.

"அப்ப கமலேசு?" என்று கேட்டேன்.

"பொம்பிளைப் பிள்ளையெண்டு விட்டுடுவாங்கள். கொஞ்சநாள் வெருட்டுவாங்கள். பிறகு நாங்கள் அவளைக் கூப்பிடுவம்."

அவர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எதிர்த்துக் கதைக்கப் பயமாக இருக்கிறது. இந்த ஊரில் எனக்கு அவரைத் தவிர ஒருவரையும் தெரியாது. நீ பத்தாம் திகதிக்கு முதல் கொஞ்சநாள் எல்லை தாண்டி வவுனியாப் பக்கம் போய் நிற்க முடியாதா? அப்பாவிடம் சொல்லாதே.

சுகந்தினி.


பாரதிபுரம்,
5.7.2006.

அக்கா,

உன் கடிதத்தை எரிக்கவில்லை. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த மனுசன் பங்கருக்குள் இறங்கி இன்னும் ஒரு அடி தோண்டினார்.

வவுனியாவுக்குப் போய் நிற்கட்டுமாம்! பிணை நிற்கிறவளுக்கு யார் பாஸ் தருவது? பதினோராம் மாடியில் இருந்தால் இதுகூட மறந்துவிடுமா?

நேற்றுமுன்தினம் கந்தோரில் இருந்த பொறுப்பாளர் நல்ல மரியாதையாகத்தான் கேட்டார். "அக்கா வந்திடுவாதானே தங்கச்சி?"

"ஓம்" என்றேன்.

"நல்லது. வராட்டிப் பத்தாம் திகதி ரெண்டு சோடி உடுப்போட வாங்கோ. செருப்பு தேவையில்லை, அங்க தருவம்."

பிறகு தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை இரண்டு தடவை நிறுத்தி, வேலியோரம் குந்தியிருந்தேன். எனக்குத் துவக்கு வேண்டாம், சண்டை வேண்டாம். சவமாக வருவதும் வேண்டாம். சட்டை தைக்கத்தான் தெரியும்.

உன் மாமி முழங்காலை வவுனியா ஆஸ்பத்திரியில் காட்டப் பாஸ் எடுத்துக்கொண்டு போனவ, திரும்பவில்லை. அவவுக்குப் பிணை யார் தெரியுமா? அவவின் மாட்டை மேய்த்த எங்கள் வாசன் பெரியப்பா. எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்கள்தான் கிடைக்கிறோம். வெட்டவும் சுமக்கவும், இப்போது உள்ளே போகவும்.

இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது பத்தாம் திகதி போயிருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன், தபாலில்தான் போடுகிறேன். உடைக்கிறவர்களும் வாசிக்கட்டும்.

இனி எனக்குப் படம் அனுப்பாதே.

சு. கமலேஸ்வரி.


வவுனியா,
9.7.2006.
ஞாயிறு காலை.

கமலேசு,

நான் வந்துவிட்டேன். பயப்படாதே, உண்மையாகத்தான். ஜமால்தீன் நானாவின் வீட்டில் இருந்து எழுதுகிறேன். அவருடைய லொறி இன்றைக்குப் பின்னேரம் இதை உனக்குத் தரும்.

நீ எனக்குப் பதில் எழுதியிருப்பாய். நான் வாசிக்கவில்லை. என்ன எழுதியிருப்பாய் என்று தெரியும்.

வியாழக்கிழமை ஏஜென்சிக்காரன் வந்தான். புதுப்பெயர், புதுப்பிறந்தநாள், எல்லாம் பாடமாக்கச் சொன்னான். ஒவ்வொன்றாகக் கேட்டான். "தகப்பன் பேர்?" சொன்னேன். "எந்தெந்த இடம் பாத்தனீங்கள்?" சொன்னேன். "கூடப்பிறந்த ஆக்கள்?"

"தங்கச்சி ஒண்டு."

"ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லோணும். திருப்பிச் சொல்லு."

"தங்கச்சி ஒண்டு."

நான்காம் தரம் உன் அத்தான் அவன் முன்னாலேயே அறைந்தார். அடுத்தநாள் மத்தியானம் அவர் குளிக்கப் போனபோது என் பாஸ்போட்டையும் திரும்பிவருகிற ரிக்கற்றையும் அவருடைய பையில் இருந்து எடுத்தேன். லிஃப்டில் தனியாக இறங்கினேன். கண்ணை மூடவில்லை.

நான் பெரிய மனசுக்காரி என்று நினைக்காதே. பிளேனில் மூன்று தடவை சத்தி எடுத்தேன். கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகும், திரும்பி ஓடலாமா என்றுதான் மனம் கேட்டது.

நாளைக்கு முதல் பஸ்சில் வருகிறேன். நேரே கந்தோருக்குப் போவேன். அவர் எங்கே என்று கேட்பார்கள். நான் அவருடைய பெண்சாதி, நானே பொறுப்பு என்று சொல்வேன். இரண்டு சோடி உடுப்பு எடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கந்தோர் வழக்கம் எனக்கும் தெரியும்.

நீ கையெழுத்துப் போட வரும்போது நான் வாங்கில் இருப்பேன். என்னோடு கதைக்காதே. என்னைப் பார்த்து அழாதே. உன் பெயரை வெட்டுகிறார்களா என்று மட்டும் பார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. வெட்டியவுடன் வீட்டுக்குப் போகாமல், இரண்டு பேரும் வெளியேற அங்கேயே பாஸ் கேள். எனக்கு வருத்தம், வவுனியா ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று சொல்லமுடியாது, நான்தான் முன்னால் இருப்பேனே. வேறு ஏதாவது சொல். உனக்குப் பொய் சொல்ல வராது, இப்போதே பழகு.

லொறியிலேயே வரலாம் என்று நானா சொன்னார். நான்தான் மறுத்தேன். இன்னும் ஒரு நாள் இருக்கிறதே. இன்றைக்கு இந்த ஊரைச் சுற்றிப் பார்க்கப்போகிறேன். கடைத்தெரு, குளக்கட்டு, ஒரு பேக்கரி. தனியாகத்தான். படம் எடுக்கமாட்டேன்.

அக்கா.